சேர்வே கல்லு நட்டாச்சு, இனி எங்கட பேச்சு எடுபடுமா?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். திருகோணமலையில நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில கடற்கரைக் காணியில ஒரு பெரிய ஹோட்டல் வரப்போகுதாம், சேர்வேகாரர் வந்து கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க, ஜிஎஸ்ஸ, அதாவது கிராம சேவகரை, கேட்டா தனக்கு ஒண்டும் தெரியாது எண்டுறார், இவங்க அந்தக் கரையில தலைமுறையா கரைவலை இழுக்கிற ஆக்கள், "பொதுமக்கள் கருத்துக் கேப்பாங்க, அப்ப சொல்லுங்க" எண்டு ஆரோ சொல்லியிருக்காங்க, அது உண்மையா எதையாவது மாத்துமா இல்ல வெறும் கண்துடைப்பா?

பாதி கண்துடைப்பு தான், பொய் சொல்லி என்ன. ஆனா மத்தப் பாதியை நாங்க ஒழுங்காப் பாவிக்கிறதே இல்ல. சட்டம் உங்களுக்குக் குடுக்கிறது முடிவெடுக்கிற அதிகாரம் இல்ல. உங்கட ஆட்சேபனையை எழுத்தில குடுக்கிற உரிமை, அதுக்குத் திட்டக்காரன் பதில் சொல்லியாக வேணும் எண்ட கட்டாயம், அந்தப் பதிலையும் பார்த்துத்தான் அனுமதி குடுக்கலாமா இல்லையா எண்டு அதிகாரி யோசிக்க வேணும் எண்ட கட்டாயம், இவ்வளவுதான். இதுல எல்லாமே பேப்பர்லதான் நடக்குது. மண்டபத்துல எழும்பி நிண்டு ஒரு மணித்தியாலம் கத்தினாலும் மினிட்ஸ்ல "மக்கள் சில கவலைகளைத் தெரிவித்தனர்" எண்டு ஒரு வரியில முடிஞ்சிரும், அதே விஷயத்தை ஒரு பக்கத்துல எழுதி திகதி போட்டு சீல் வாங்கி வச்சிருந்தா அது பத்து வருஷம் கழிச்சும் கோட்ஸ்ல பேசும்.

இப்ப உங்கட விஷயத்துக்கு வருவம். முதல் வேலை அந்தக் கல்லு எங்க நிக்குது எண்டு பாக்கிறது. சிரிக்காதீங்க, இதுலதான் எந்த ஒபிஸ் பொறுப்பு எண்டதே தீர்மானமாகும். கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி (1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம்) கடல் நீர் சராசரியா உயர்ந்து வாற கோட்டில இருந்து நிலத்துப் பக்கம் 300 மீற்றர், தாழ்ந்து போற கோட்டில இருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றர், இதுதான் கரையோர வலயம், களப்பு ஆறு எண்டா வாயில இருந்து உள்ளுக்கு 2 கிலோமீற்றர் வரைக்கும் போகும். திட்டம் முழுக்க இந்த வலயத்துக்குள்ள இருந்தா அனுமதி குடுக்கிறது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், சுற்றாடல் அறிக்கை வேணுமா இல்லையா எண்டு சொல்றதும் அவங்கதான். ஒரு பகுதியாவது வெளிய போனா 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டம் வருது, அதாவது சனம் சீஈஏ எண்டு சொல்ற மத்திய சுற்றாடல் அதிகார சபை. அதோட நிலாவெளிக்கு முன்னால கடலில இருக்கிற புறாத்தீவு 2003ல தேசிய பூங்காவா அறிவிச்சாச்சு, அந்தப் பூங்காட எல்லையில இருந்து 1 மைலுக்குள்ள ஏதாவது அபிவிருத்தி வேலை செய்யிறதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்திட எழுத்து மூல அனுமதியும் வேணும், பூங்கா எல்லை தீவோட நிக்கேல்ல, சுத்தி இருக்கிற கடலும் அதுக்குள்ள. நிலாவெளிப் பக்கம் நிக்கிற கல்லு எண்டா இதைக் கட்டாயம் பாருங்க. ஃபோன்ல மெப்பைத் திறந்து கல்லு நிக்கிற இடத்துல பின் போட்டு, படம் எடுத்து, திகதியோட வச்சுக்கொள்ளுங்க.

எங்கட ஆக்கள் விடுற பெரிய பிழை இதுதான், எல்லா லெட்டரையும் ஜனாதிபதிக்கும் ஆளுநருக்கும் எம்பிமாருக்கும் அனுப்புறது, உண்மையா கையெழுத்து வைக்கிற அதிகாரிக்கு ஒரு கொப்பி கூடப் போகாது. ஆளுநருக்குப் போற லெட்டர் "உரிய நடவடிக்கைக்காக" எண்டு எழுதி கீழ இறங்கி இறங்கி வந்து சேரேக்க வேலை பாதி முடிஞ்சிருக்கும்.

சரி, பொதுமக்கள் கருத்துச் சொல்றதுக்கெண்டு சட்டம் குடுக்கிற அந்தப் பிரபலமான 30 நாள். 1988ல சுற்றாடல் சட்டத்தைத் திருத்தி ஈஐஏ எண்ட சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கொண்டு வந்தாங்க, எந்தெந்தத் திட்டத்துக்கு அது வேணும் எண்டு 1993 ஆனி மாசம் வர்த்தமானியில பட்டியல் போட்டாங்க. ஹோட்டல் எண்டா 99 அறைக்கு மேல இல்லாட்டி 40 ஹெக்டேயருக்கு மேல, காடு 1 ஹெக்டேயருக்கு மேல வேற பாவனைக்கு மாத்துறது, சதுப்பு நிலம் 4 ஹெக்டேயருக்கு மேல நிரப்புறது, அனல் மின் நிலையம் 25 மெகாவாட்டுக்கு மேல, சூரிய சக்தி காத்தாலை மாதிரியான மின்சாரம் 50 மெகாவாட்டுக்கு மேல, இப்பிடி அளவு அளவா இருக்கு. ஈஐஏ அறிக்கை வந்ததும் வர்த்தமானியிலயும் மூண்டு மொழிப் பத்திரிகையிலயும் அறிவித்தல் போடோணும், அண்டையில இருந்து 30 நாள் ஆரும் வாசிக்கலாம், ஆரும் எழுதலாம். ஆரும் எண்டா ஆரும்தான், காணி உறுதி வச்சிருக்கிறவர் மட்டும் எண்டு ஒண்டும் இல்ல. பகிரங்க விசாரணை எண்டு ஒண்டு வைக்கிறது அதிகாரிட விருப்பம், கட்டாயம் இல்ல, அதால அதை எழுத்தில கேக்கோணும், கேக்காட்டி வைக்கவே மாட்டாங்க.

இந்த அளவுகளைப் பாத்த உடன உங்களுக்கு விளங்கியிருக்கும், 99 அறைக்கு மேல எண்டா 95 அறையில நிப்பாட்டினா? அதேதான். திட்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, முதல் கட்டம் ரெண்டாம் கட்டம் எண்டு போட்டு, எல்லைக்குக் கீழ வச்சிருக்கிறது உலகம் முழுக்க நடக்கிற விளையாட்டு. இதுக்கு மருந்து அந்த வர்த்தமானியிலயே இருக்கு, வனத்துக்கும் சரணாலயத்துக்கும் 100 மீற்றர் கிட்ட, வெள்ளம் வாற இடம், தொல்லியல் இடம் மாதிரி நொய்மையான இடங்களுக்கெண்டு தனியா ஒரு பகுதி இருக்கு, அந்த இடங்களில அளவு சின்னனா இருந்தாலும் பட்டியல்ல உள்ள வேலையெண்டா அறிக்கை கேக்கலாம். உங்கட கல்லு அப்பிடி ஒரு இடத்துல நிக்குது எண்டா ஆட்சேபனையில இதைத்தான் முன்னுக்குப் போடோணும்.

இன்னொரு பொறி இருக்கு. ஈஐஏக்குத் தம்பி மாதிரி ஒண்டு, ஐஈஈ, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதுக்கு 30 நாள் பொதுமக்கள் கருத்து கட்டாயம் இல்ல. பகிரங்க ஆவணம், போய்ப் பாக்கலாம், ஆனா பத்திரிகையில அறிவித்தல் வரும் எண்டு காத்திருந்தீங்க எண்டா வரவே வராது, ஒருநாள் காலமை ஜேசிபி தான் வரும். கன திட்டங்கள் இந்த வழியாலதான் போகுது. அதால "கருத்துக் கேப்பாங்க, அப்ப சொல்லுவம்" எண்டு இருக்கிறது ஆகக் கூடாத யோசனை. ஆரம்பத்துல ஸ்கோப்பிங் எண்டு ஒரு கட்டம் இருக்கு, அறிக்கையில என்னென்ன ஆராயோணும் எண்டு அப்பதான் தீர்மானிப்பாங்க, அந்த நேரம் உங்கட லெட்டர் ஃபைலில கிடந்தா "கரைவலைத் தொழில் பற்றியும் ஆராய்க" எண்டு ஒரு வரி சேரும், அந்த ஒரு வரி பிறகு எழுதுற நூறு லெட்டருக்குச் சமன்.

அறிக்கை வாசிக்கப் போனா என்ன நடக்கும் எண்டும் சொல்லிடுறன். பிரதேச செயலகத்துல கேட்டா முதல்ல ஒருத்தருக்கும் தெரியாது, பிறகு ஒரு பிள்ளை அலுமாரியில இருந்து நீலக் கவர் போட்ட மொத்தப் புத்தகம் ஒண்டை எடுத்துத் தரும், மேசையில வச்சு வாசிக்கோணும், வெளிய கொண்டு போக ஏலாது, ஒரு கொப்பியில பேரும் திகதியும் எழுதிக் கையெழுத்து வைக்கோணும். அந்தக் கொப்பியைப் புரட்டிப் பாத்தா உங்களுக்கு முதல் வந்தவங்கட பேர் ரெண்டோ மூண்டோ தான் இருக்கும். உள்ளுக்கு நானூறு பக்கம் இங்கிலீஷ், தமிழ்ல சுருக்கம் எண்டு சில பக்கம், அதுவும் கொழும்பில ஆரோ அகராதியைப் பக்கத்துல வச்சு மொழிபெயர்த்த தமிழ், வாசிச்சா தலை சுத்தும். வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பில இருக்கு, அதால முழு அறிக்கையும் தமிழ்ல வேணும், வாற வரைக்கும் 30 நாளை நீட்டித் தாங்க எண்டு முதல் கிழமையே எழுதிப் போடுங்க. தருவாங்களா எண்டு கேட்டா தராமலும் விடலாம், ஆனா கேட்டது பதிவில நிக்கோணும்.

நானூறு பக்கத்தையும் வாசிக்கத் தேவையில்ல. உங்கட தொழிலைப் பத்தி என்ன எழுதியிருக்கு எண்டு தேடுங்க. நான் ஊர்ச் சங்கங்களோட இருந்து இப்பிடி அறிக்கைகள் வாசிச்சதில திரும்பத் திரும்பக் காண்ற விஷயம் ஒண்டு, "இப்பகுதியில் மீன்பிடி நடவடிக்கை குறைவு" எண்டு ஒரு வசனம் இருக்கும். எப்ப வந்து பாத்தாங்க எண்டு அறிக்கைட பின்பக்கத்தில தேடினா கார்த்திகை, மார்கழி. எங்கட பக்கத்துல மாரியில கடல் கொந்தளிக்கேக்க ஆர் கரைவலை வளைக்கிறது? தோணி எல்லாம் மேல ஏத்திக் கவுத்து வச்சிருக்கிற காலத்துல வந்து பாத்திட்டு ஆளில்லாக் கரை எண்டு எழுதினா அது பொய் எண்டும் சொல்ல ஏலாது உண்மை எண்டும் சொல்ல ஏலாது. சோழகக் காத்து தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆக்கள் கூட வந்து வாடி, அதாவது கரையில குடில், போடுற காலத்துல வந்திருந்தா கால் வைக்க இடம் இருந்திருக்காது.

அடுத்தது பாடு. கரைவலைக்காரருக்குப் பாடு எண்டா என்ன எண்டு தெரியும், வெளியாளுக்குத் தெரியாது, ஒவ்வொரு வலைக்கும் வளைச்சு இழுக்கிறதுக்கெண்டு கரையில அளந்து விட்ட நீளம், கல்லு முருகை இல்லாத அடி, ரெண்டு பக்கமும் கயிறு இழுக்க இடம், தோணி ஏத்த இடம், மீன் கொட்ட இடம், கருவாடு காயப்போட இடம், எல்லாம் சேர்ந்தது. கடற்றொழில் திணைக்களத்துல இதுக்குப் பதிவும் இருக்கு. ஆனா சேர்வே படத்துல பாத்தா அந்த இடம் வெறும் மணல். வெள்ளையா விட்டிருக்கும். திட்டம் போடுறவர் கொழும்பில மேசையில படத்தை விரிச்சா "அரச காணி, பாவனையில்லை" எண்டுதான் விளங்கும், அவரில முழுப் பிழையும் இல்ல. அதால நீங்க செய்ய வேண்டியது உங்கட படத்தைக் குடுக்கிறது. சங்கத்து மூத்த ஆக்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கரையில நடந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தொடக்கமும் முடிவும் ஃபோன்ல பின் போட்டு, பாட்டுட பேர், ஆர்ட வலை, எத்தினை குடும்பம் பங்கெடுக்குது, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம், என்ன மீன், பதிவுப் பத்திரம் இருந்தா ஃபோட்டோகொப்பி, இவ்வளவையும் ஒரே அட்டவணையில போடுங்க.

அப்ப லெட்டர் எப்பிடி வரும் எண்டு பாருங்க. வழமையா எங்கட ஆக்கள் எழுதுறது, "எமது வாழ்வாதாரம் பாதிக்கப்படும், சுற்றாடல் நாசமாகும், ஆகவே இத்திட்டத்தை உடனடியாக நிறுத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்", கீழ நூத்தம்பது கையெழுத்து. இதுக்குத் திட்டக்காரன் பதில் எழுதுறது சும்மா லேசான வேலை, "தொழில்வாய்ப்பு வழங்கப்படும், சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம் பின்பற்றப்படும்" எண்டு ரெண்டு வரி. இப்ப இதைப் பாருங்க, "அறிக்கையின் இன்ன பக்கத்தில் மீன்பிடி குறைவு எனக் கூறப்பட்டுள்ளது. கள ஆய்வு மார்கழியில் செய்யப்பட்டது. இணைத்துள்ள அட்டவணைப்படி இதே கரையில் இத்தனை பாடுகள் பங்குனி முதல் புரட்டாதி வரை இயங்குகின்றன. உத்தேச வேலி இவற்றில் இன்ன இரண்டை ஊடறுக்கிறது. தொழில் காலத்தில் மீள ஆய்வு செய்யாமல் இம்முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" இதுக்கு ரெண்டு வரியில பதில் எழுத ஏலாது. ஒண்டில் திருப்பி வந்து பாக்கோணும், இல்லாட்டி மழுப்போணும், மழுப்பினது எழுத்தில இருக்கும். தனித்தனி விஷயத்துக்குத் தனித்தனி லெட்டர், தண்ணி ஒண்டு, பாதை ஒண்டு, கழிவு ஒண்டு, பவளப்பாறை ஒண்டு, ஒரே லெட்டரில எல்லாத்தையும் கொட்டினா லேசான கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மத்ததைத் தாண்டிப் போயிடுவாங்க. பதிவுத் தபால்ல அனுப்புங்க, இல்லாட்டி நேர குடுத்து உங்கட கொப்பியில சீல் வாங்குங்க. சீல் இல்லாத லெட்டர் எழுதாத லெட்டர்.

கூட்டம் வைக்கிறதைப் பத்தியும் சொல்லோணும். பிரதேச செயலக மண்டபத்துல வைக்கிற கூட்டத்துக்கு வாறது சங்கத் தலைவர், செயலாளர், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம், ரெண்டு கட்சிக்காரர், அனேகமா எல்லாரும் ஆம்பிளைகள். தம்பலகாமக் குடாவில இடுப்பளவு தண்ணியில நிண்டு மட்டி பொறுக்கிற பொம்பிளைகளை இப்பிடியான கூட்டம் ஒண்டில நான் கண்டதில்ல, காலமை பத்து மணிக்குக் கூட்டம் வச்சா அவங்க எப்பிடி வாறது. ஆனா களப்புட எந்த மூலையில என்ன குறைஞ்சிருக்கு எண்டு அவங்களுக்குத்தான் தெரியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒவ்வொரு ஊரிலயும் இருக்கு, அவங்கட லெட்டர்ஹெட்டில தனியா ஒரு லெட்டர் போகட்டும். அதோட இன்னொண்டு, எங்கட மாவட்டத்துல சொல்லாமலே விளங்கும், தமிழ் ஊர் எதிர்க்குதாம் எண்டா முஸ்லிம் ஊருக்கு வேலை தாறம் எண்டுவாங்க, முஸ்லிம் ஊர் எதிர்த்தா சிங்கள ஊரில போய் வேற கதை, அதால பக்கத்து ஊர்ச் சங்கத்தோட ஆரம்பத்துலயே கதைச்சு ஒரே திகதியில தனித்தனியா எழுதுங்க. மீனுக்கு இனமில்லை எண்டு மேடையில சொல்றது லேசு, கரைவலைக்காரனுக்கும் சுருக்குவலைக்காரனுக்கும் இருக்கிற கோபத்தை முதல்ல தீர்க்கிறது அவ்வளவு லேசில்ல, ஆனா செய்யத்தான் வேணும்.

ஆர் ஒழுங்கு செய்தது, ஆர் காசு தாறது எண்டு வீட்டுக்கு வந்து விசாரிக்கிற வழக்கமும் எங்கட பக்கத்துல இல்லாமப் போகேல்ல. அதுக்குத்தான் சொல்றன், தனி ஆளா முன்னுக்கு நிக்காதீங்க, பதிவு செய்த சங்கத்திட பேரில, கூட்டத் தீர்மானம் எடுத்து, மினிட்ஸ் புத்தகத்துல எழுதி அனுப்புங்க. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் எண்டா இன்னும் நல்லம்.

தகவல் இல்லாம இதெல்லாம் எழுத ஏலாது எண்டுறீங்களா, அதுக்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2017 மாசி 3ஆம் திகதியில இருந்து நடைமுறையில இருக்கு. ஏன் கேக்கிறீங்க எண்டு ஆரும் கேக்க ஏலாது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு சொல்லோணும், இல்லையெண்டா 14 நாளுக்குள்ள அதே ஒபிஸில குறித்தளித்த அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி 2 மாசத்துக்குள்ள ஆணைக்குழு. "ஹோட்டல் பற்றிய விபரம் தரவும்" எண்டு கேட்டா ஒண்டும் வராது. ஆவணத்திட பேரைச் சொல்லிக் கேளுங்க, காணி குத்தகைப் பத்திரம், ஆரம்பத் தகவல் படிவம், ஸ்கோப்பிங் கூட்ட மினிட்ஸ், மற்றத் திணைக்களங்கள் குடுத்த கருத்துக் கடிதங்கள். கடைசியா சொன்னது தங்கம், கன நேரம் ஒரு திணைக்களம் "இந்த இடம் பொருத்தமில்லை" எண்டு எழுதியிருக்கும், அது ஃபைலுக்குள்ளயே தூங்கும்.

அந்தச் சட்டத்துல 9ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, சட்டம் தெரிஞ்ச ஆக்கள் கூட மறந்து போறது. அமைச்சிட திட்டம், வெளிநாட்டுக் காசில எண்டா 1 இலட்சம் டொலருக்கு மேல, உள்நாட்டுக் காசில எண்டா 5 இலட்சம் ரூபாவுக்கு மேல போனா, தொடங்க 3 மாசம் முதலே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படப் போற ஆக்களுக்கும் தெரியப்படுத்தோணும். 5 இலட்சம் எண்டா இண்டைக்கு ஒரு கொங்கிறீட் ஒழுங்கைக்கும் காணாது, கிட்டத்தட்ட எல்லா அரச வேலையும் அதுக்குள்ள வரும். தனியார் ஹோட்டலுக்கு இது நேர பொருந்தாது, ஆனா அதுக்கு ரோட்டும் தண்ணிக் குழாயும் போட்டுக் குடுக்கிறது அரசாங்கம் எண்டா அந்தப் பகுதிக்குக் கேக்கலாம்.

சபைகளைப் பத்தி ரெண்டு வார்த்தை. பிரதேச சபைகள் 2023 பங்குனி 19ஓட முடிஞ்சு 2025 வைகாசி 6 தேர்தல் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல தெரிவு செய்த ஆளே இல்லாம செயலாளர்மாரால நடந்தது. கிழக்கு மாகாண சபை 2017 புரட்டாதியோட கலைஞ்சது, பிறகு தேர்தலே நடக்கேல்ல. உள்ளூர் முடிவெடுத்தல், பங்கேற்பு எண்டு என்.ஜி.ஓ வேர்க்ஷொப்பில படம் கீறிக்கொண்டிருந்த காலம் முழுக்க கேக்கிறதுக்கு எதிர்ல ஆளே இருக்கேல்ல. இப்ப சபை இருக்கு, அதைப் பாவியுங்க. 1987 பிரதேச சபைச் சட்டத்துல சுற்றாடலுக்கெண்டு ஒரு கொமிட்டி இருக்கு, அதுல மெம்பர் இல்லாத ஊராக்களையும் போடலாம். எங்கட பக்கத்துல அப்பிடிப் போட்ட சபை ஒண்டைக் காட்டுங்க பாப்பம். சின்னத் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உத்தரவுப்பத்திரம் குடுக்கிறதும் புதுப்பிக்கிறதும் சபைகள்தான், கட்டிட அனுமதியும் அங்கதான், குப்பை சொல்லவே தேவையில்ல. டவுனில புள்ளிமான் பொலித்தீன் பை மெண்டுகொண்டு நிக்கிறதை எல்லாரும் படம் எடுத்துப் போடுறம், அந்த வட்டார மெம்பரிட பேர் என்ன எண்டு கேட்டா முழிப்பம்.

இனி சம்பூர். இதைச் சொல்லாம எங்கட மாவட்டத்துல இந்தக் கதை முடியாது. 2006 சித்திரையில யுத்தத்துல சம்பூர்ச் சனம் எழும்பி ஓடினது, அடுத்த வருஷம் அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம், பிறகு பொருளாதார வலயம் எண்டு மாறி மாறிப் பேர் வந்தது, இந்தியாட அரச மின் கம்பனி என்டிபிசியும் எங்கட மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம், 250ல ரெண்டு, கட்டப் போறதெண்டு ஒப்பந்தம் ஆனது. சனம் முகாமில இருக்கேக்கயே அவங்கட காணியில என்ன வரப்போகுது எண்டு முடிவாகிட்டு. பங்கேற்பு எண்டு பேசுறவங்க இதை முதல்ல வாசிக்கோணும், கேக்கப்பட வேண்டிய ஆள் அந்த இடத்துலயே இல்லாத நேரத்துல எடுத்த முடிவு. 2015ல 818 ஏக்கர் விடுவிச்சு சனம் திரும்பி வந்தது, மின் நிலையத்துக்கு எடுத்த காணி அப்பிடியே இருந்தது. கிட்டத்தட்ட அதே காலத்துலதான் ஈஐஏ அறிக்கைக்குக் கருத்துச் சொல்லுங்க எண்டாங்க.

ஆனா இந்த முறை சொன்னாங்க. ஊர் சனம் ரோட்டில நிண்டது, கொட்டியாரக் குடாவில சுடுதண்ணி விட்டா மீனுக்கு என்ன ஆகும், சாம்பல் எங்க போகும், கிணத்துக்கு என்ன எண்டு கேட்டது, அதே நேரம் என்விரோன்மென்டல் பவுண்டேஷன் லிமிடெட் எண்ட சுற்றாடல் சட்ட அமைப்பு 2016ல உயர் நீதிமன்றத்துல அடிப்படை உரிமை மனு போட்டது. அந்த வருஷம் புரட்டாதியில சம்பூரில நிலக்கரி நிலையம் கட்டப் போறதில்ல எண்டு சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்குச் சொன்னார். சனம்தான் வெண்டது எண்டு மார்தட்டுறவங்களும் இருக்காங்க, இல்ல கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையில நடந்த பேரம் எண்டு சொல்றவங்களும் இருக்காங்க. என்ட அபிப்பிராயம், அரசியல் காத்து மாறினது உண்மை, ஆனா காத்து மாறேக்க கைவிடுறதுக்கு ஒரு காரணம் வேணும், அந்தக் காரணம் ஃபைலில தயாரா இருந்தது. அதே இடத்துல இப்ப 120 மெகாவாட் சூரிய மின்சாரம், 2025 சித்திரையில ரெண்டு நாட்டுத் தலைவர்களும் தொடக்கி வச்சாங்க.

சூரிய மின்சாரம் எண்டா பிரச்சினை இல்ல எண்டு நினைக்காதீங்க. அதே 2025ல முத்துநகர் விவசாயிகள் தாங்கள் வயல் செய்த காணி சோலார் திட்டத்துக்குப் போகுது எண்டு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால இருந்து போராடினாங்க. புகை வராத திட்டத்துக்கும் நிலம் வேணும், அந்த நிலத்துல ஆரோ இருப்பாங்க.

கோட்ஸ் எண்டது கடைசி வழி, ஆனா நேரத்தை இப்பவே மனசில வச்சிருங்க. திட்டத்தை மறுத்தா திட்டக்காரன் அமைச்சின் செயலாளருக்கு அப்பீல் போடலாம், அனுமதி குடுத்தா உங்களுக்கு அந்த அப்பீல் இல்ல, இது சட்டத்திட ஒரு பக்கச் சாய்வு, நான் இதை எப்பவும் சொல்லித் திட்டுறது. உங்களுக்கு இருக்கிறது மேன்முறையீட்டு நீதிமன்றத்துல எழுத்தாணை (ரிட்), இல்லாட்டி உயர் நீதிமன்றத்துல அடிப்படை உரிமை மனு, அதுக்கு ஒரே ஒரு மாசம். அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது, ஆனா அதையே நம்பி இருக்காம லோயரோட கதையுங்க. எப்பாவல பொஸ்பேட் வழக்கில 2000ஆம் ஆண்டு தீர்ப்பைக் கேட்டுப் பாருங்க, ஊராக்கள் கொஞ்சப் பேர் போட்ட மனு, வெளிநாட்டுக் கம்பனியோட போட இருந்த சுரங்க ஒப்பந்தத்தை முழு ஆய்வும் ஈஐஏயும் இல்லாமச் செய்ய ஏலாது எண்டு நிப்பாட்டினது. எங்கட மொழிக்காரருக்குக் கிட்டின உதாரணம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்த வழக்கு, 2019 சித்திரையில உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா சனத்துக்குக் குடுக்கச் சொன்னது. கிணறு கெட்ட பிறகு வந்த காசு, எண்டாலும் சின்ன விஷயம் இல்ல.

ஒண்டு மட்டும் சங்கத்துக்குள்ள இப்பவே கதைச்சு முடியுங்க, உங்களுக்கு என்ன வேணும்? ஹோட்டலே வேண்டாமா, இல்ல இந்த இடத்துல வேண்டாமா, இல்ல பாட்டை விட்டுக் கட்டினாச் சரியா? ஊரில பொடியன்மார் கொஞ்சப் பேருக்கு வேலை வேணும், அவங்கட கதையும் நியாயம்தான், அதை அமுக்கிப் போட்டு "ஊரே எதிர்க்குது" எண்டு எழுதினா திட்டக்காரன் நாளைக்கு அந்தப் பொடியன்மாரையே கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டுவான். முடியாட்டி ரெண்டாவது நிலைப்பாடா நிபந்தனைகளைக் கேளுங்க, கரைக்குப் போற பொதுப்பாதை இத்தினை அடி, பாட்டில வேலி இல்ல, ராத்திரியில கடலைப் பாத்து பெரிய லைட் போடக்கூடாது, கழிவுத்தண்ணி கடலுக்கு விடக்கூடாது, கண்காணிப்புக் கொமிட்டியில கடற்றொழில் சங்கத்துக்கு ஒரு ஆள். அனுமதிக் கடிதத்துல நிபந்தனையா ஏறினாத்தான் பெறுமதி, மனேஜர் வாயால சொன்னதுக்கு இல்ல. அனுமதி குடுத்துட்டாங்க எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே அந்தக் கடிதத்தை ஆர்டிஐயில எடுங்க, கனபேர் அதோட மனம் விட்டுப் போயிடுறாங்க, அங்கதான் அடுத்த கட்டம் தொடங்குது, ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்துல படமும் திகதியும் போட்டு மீறினா அனுமதி குடுத்த ஒபிஸுக்கு அனுப்புறது. குழாய் உடைஞ்சு நாத்தம் தாங்க ஏலாது எண்டா பொதுத் தொல்லை எண்டு குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 98ஆம் பிரிவில நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம், அதுக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போகத் தேவையில்ல.

இந்தக் கிழமைக்குள்ள செய்ய வேண்டியது, சங்கக் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம், பாட்டு அட்டவணை, பிறகு "இன்ன இடத்தில் இன்ன திகதியில் எல்லைக்கல் நடப்பட்டுள்ளது, இதற்கு ஏதும் விண்ணப்பம் கிடைத்துள்ளதா, கிடைத்திருந்தால் ஸ்கோப்பிங் கட்டத்தில் எம்மையும் அழைக்கவும்" எண்டு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு லெட்டர், கொப்பி சீஈஏக்கும் வனஜீவராசிகளுக்கும் பிரதேச செயலாளருக்கும் கடற்றொழில் உதவிப் பணிப்பாளருக்கும் பிரதேச சபைக்கும். ஜிஎஸ்ஸுக்கும் ஒண்டு குடுங்க, பாவம், உண்மையாவே அவருக்கும் தெரியாமத்தான் இருக்கும்.